அரங்கும் ஆட்டமும்

கல்லாமையைப் பழிக்கப் புகுந்த திருவள்ளுவர், அவ்வதிகாரத்தின் முதற் குறளிலேயே ஒரு விளையாட்டை உவமையாக எடுத்தாள்கிறார். கட்டம் வகுக்காத வெறுந்தரையில் வட்டாடுவது எத்தகையதோ அத்தகையதே, நிரம்பிய நூலறிவு இல்லாமல் அவையில் பேசப் புகுவதும் என்பது அவர் கருத்து. அறம் உரைக்க வந்த பெருந்தகை ஆட்டத்தை இழிவாக எண்ணவில்லை. ஆட்டத்திற்கும் ஓர் அரங்கு உண்டு, ஒரு வரம்பு உண்டு என்று மதித்தே உவமை சொல்கிறார். சங்க மேடைகளில் இக்குறளை நாங்கள் பலமுறை எடுத்துரைத்துக் கைத்தட்டலும் பெற்றிருக்கிறோம். அது எங்களை நோக்கியும் சொல்லப்பட்டது என்பதை உணர, எங்களுக்கு எழுபது வயது கடக்க வேண்டியிருந்தது. அந்தக் கதையைத்தான் இம்மலரில் எழுத முற்படுகிறோம்.

நாங்கள் என்றால் மூவர். ஒருவர் வங்கியிலும், ஒருவர் இரயில்வேயிலும், ஒருவர் பள்ளிக்கூடத்திலும் பணியாற்றி ஓய்வு பெற்றோம். மூவரும் 1970களின் தொடக்கத்தில், ஆளுக்கொரு தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகப் பம்பாய்க்கு வந்திறங்கியவர்கள். மொழி அறியாத அப்பெருநகரில் எங்களை முதலில் வரவேற்றது எந்த மனிதரும் அல்லர். ‘சால்’ எனப்படும் நீண்ட குடியிருப்பின் தாழ்வாரத்தில் கிடந்த ஒரு கேரம் பலகைதான். மராத்தியும் இந்தியும் வராதவனாயினும் ஸ்ட்ரைக்கரைச் சுண்டத் தெரிந்திருந்தால் நாலாவது ஆளாக உட்கார இடம் கிடைக்கும். காய் குழியில் விழுந்தால் தட்டிக் கொடுப்பார்கள், விழாவிட்டால் சிரிப்பார்கள். இரண்டிற்கும் மொழி வேண்டியதில்லை. நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் அறிந்ததே அத்தகைய ஒரு பலகையின் முன்னால்தான்.

ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தப் பலகையைப் பற்றி ஒரு வலையொலி தொடங்குவோம் என்று யாரேனும் அன்று சொல்லியிருந்தால், வலையொலி என்பது எந்த ஊர்ப் பலகாரம் என்று கேட்டிருப்போம். இந்த எண்ணத்தை எங்களுக்குள் விதைத்தவள் எங்களுள் ஒருவரின் பேத்தி. நாள்தோறும் மின்தொடரில் நெரிசலுக்கிடையே நின்றுகொண்டு அலுவலகம் போய் வருபவள். காதில் எப்போதும் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டே இருக்கும். “என்னம்மா, பாட்டா?” என்று ஒருநாள் கேட்டோம். “பாட்டு இல்ல தாத்தா, பின்பால். அமெரிக்காவுல ரெண்டு பேர் உக்காந்து ரெண்டு மணி நேரமா ஒரு பின்பால் மெஷினைப் பத்திப் பேசறாங்க” என்றாள்.

சாய்ந்த மேசையொன்றின் கண்ணாடிக்கு அடியில் எஃகு உருண்டை ஓடி, முட்டுகளில் மோதி, விளக்குகளை எரிய வைத்து, கீழே நழுவி விழப் பார்க்கும் ஆட்டம் அது. விழாமல் தட்டி மேலே அனுப்புவது ஆடுபவர் வேலை. கடைகளிலும் கண்காட்சிகளிலும் சிறுவர் காசு போட்டு ஆடுகின்ற அந்த எந்திரத்தைப் பற்றிப் பெரியவர்கள் இரண்டு மணி நேரம் பேசுவதா என்று நாங்கள் நகைத்தோம். அவள் விடவில்லை, அதன் வரலாற்றைச் சொன்னாள். 1942இல் நியூயார்க் மாநகரில் அது சூதாட்டம் என்று தடை செய்யப்பட்டது. நகரத் தந்தை லகார்டியா தாமே சம்மட்டி ஏந்திப் பின்பால் எந்திரங்களை உடைக்கும் காட்சி படமாகவே இருக்கிறது. உருண்டையைத் தட்டி மேலேற்றும் துடுப்புகள் 1947இல்தான் அந்த எந்திரத்தில் வந்தன. அதன் பிறகு ஆட்டம் கைத்திறனுக்கு உரியதாகிவிட்டது; எனினும் தடை மட்டும் நீடித்தது. 1976இல் ரோஜர் ஷார்ப் என்ற இளைஞர் நகர மன்றத்தார் முன்னிலையில் ஓர் எந்திரத்தின் எதிரே நின்று, “இந்த உருண்டையை மேலே உள்ள நடுவழியில் செலுத்துகிறேன்” என்று முன்கூட்டியே அறிவித்து, அவ்வாறே செலுத்திக் காட்டினார். அது நற்பேறன்று, திறமையே என்று மன்றத்தார் ஒப்பினர். முப்பத்து நான்கு ஆண்டுத் தடை நீங்கிற்று.

கேட்ட பிறகு எங்கள் நகைப்பு அடங்கிவிட்டது. எங்கள் காலத்தில் கேரமையும் வெட்டிப் பொழுதென்று ஏசாத தகப்பனார் இல்லை. பரீட்சைக்கு முந்திய வாரம் காய்களை ஒளித்து வைக்காத தாயாரும் இல்லை. பின்பாலுக்கு நாவாட இத்தனை பேர் இருக்க, கேரமுக்காகத் தமிழில் பேச நாம் இருக்கிறோமே என்ற எண்ணம் மூவருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது. “செய்யுங்க தாத்தா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றாள் பேத்தி.

வியாழக்கிழமைதோறும் மாலையில் சயானில் எங்களுள் ஒருவரின் இல்லத்தில் கூடிப் பதிவு செய்வதென முடிவாயிற்று. பேசுவது எளிது, பதிவு செய்வது அரிது என்பதை முதல் நாளே கற்றோம். மின்விசிறி எங்கள் செவிக்கு ஒலிக்கவே இல்லை. பதிவுக் கருவிக்கோ அது ஒரு பேரிரைச்சல். விசிறியை நிறுத்தினோம். பம்பாயின் மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு மூன்று முதியவர் ஓர் அறையில் அமர்வது தவத்திற்கு ஒப்பானது. வெறுஞ்சுவர் குரலை எதிரொலித்ததால் கொடி கட்டிப் போர்வைகளைத் தொங்கவிட்டோம். கைப்பேசியைப் பலகையின் மேலேயே வைத்தபோது, ஸ்ட்ரைக்கரின் ஓட்டம் இடி முழக்கமாகப் பதிவாயிற்று. நாலாக மடித்த துவாலையை ஒரு முக்காலியின் மேல் இட்டு அதன்மேல் வைத்த பிறகுதான், காய் காயைத் தொடும் ஓசையும், மரச் சட்டத்தில் மோதித் திரும்பும் ஓசையும், குழியின் வலைக்குள் காய் இறங்கும் ஓசையும் தனித்தனியே கேட்டன. ஐம்பது ஆண்டு ஆடியும் நாங்கள் காது கொடுத்துக் கேளாத ஓசைகள் அவை.

முதல் நிகழ்ச்சி பலகையைப் பற்றியது. ஆடுதளம் பக்கத்திற்கு 74 சென்டிமீட்டர். ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு எனக் காய்கள் பத்தொன்பது. போட்டிகளில் ஸ்ட்ரைக்கரின் எடை 15 கிராமுக்கு மேற்படலாகாது. வீட்டில் ஆடுவோர் பலருக்கு இவையே புதுச் செய்திகள். இரண்டாம் நிகழ்ச்சியில் எங்களுள் பள்ளியாசிரியராக இருந்தவர் தமிழர் விளையாட்டுகளின் தொன்மையை விரித்துரைத்தார். வட்டும் வல்லும் தாயமும் பல்லாங்குழியும் வந்தன. சங்க கால மகளிர் மணல் முற்றத்தில் கழங்காடிய சிறப்பையும் சொல்லிப் பெருமிதம் கொண்டார். அன்று தேநீர் கொண்டுவந்த அம்மையார் வாயிற்படியருகே சற்றே நின்று கேட்டார் என்பதும், ஏதோ சொன்னார் என்பதும் எங்களுக்கு மங்கலாக நினைவிருக்கிறது. என்ன சொன்னார் என்பது நினைவில் இல்லை.

மூன்றாம் நிகழ்ச்சி சென்னையைப் பற்றியது. அனைத்துலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் தோன்றியது சென்னையில்தான் என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. 1991இல் தில்லியில் நடந்த முதல் உலகப் போட்டியில் வாகை சூடிய மரிய இருதயம் சென்னைக்காரர். 1995இல் மீண்டும் உலகப் பட்டம் வென்ற அவருக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது. தெருமுனை மன்றங்களிலும் ஓலைக் கொட்டகைகளிலும் ஆடப்பட்ட ஆட்டம் ஒன்று நாட்டின் விருதுப் பட்டியலில் இடம்பெற்றதைச் சொல்லும்போது எங்கள் குரல் தழுதழுத்தது. பேத்தி அதை வெட்டாமல் விட்டாள்.

நான்காவதாக, தாராவியில் வாழும் ஒரு பெரியவரை அழைத்து வந்தோம். நெல்லைச் சீமையிலிருந்து சிறுவயதில் வந்து லால்பாக் பக்கத்துத் துணியாலையொன்றில் தறி ஓட்டியவர். 1982 ஜனவரி 18ஆம் நாள் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் ஆலைத் தொழிலாளர் வெளியே நின்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் மீண்டும் உள்ளே போகவே இல்லை. இவரும் போகவில்லை. வேலையற்ற அந்நாள்களில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கும் கேரம் மன்றமொன்றில் பலகைகளைத் துடைத்துப் பராமரிக்கும் பணி இவருக்குக் கிடைத்தது. மழைக்காலத்து ஈரத்தில் பலகை உப்பிக்கொள்ளும். காய் ஓடாது நின்றுவிடும். பலகையின் மேல் மூடி போட்ட குண்டு விளக்கைத் தாழத் தொங்கவிடுவது வெளிச்சத்திற்கு மட்டுமன்று, பலகையைக் காய வைப்பதற்கும்தான் என்று அவர் சொன்னபோது, இத்தனை காலம் அவ்விளக்கின் கீழ் ஆடிய நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். “போரிக் பவுடரை அள்ளிக் கொட்டுறவன் ஆடத் தெரியாதவன். கைக்குட்டையில முடிஞ்சு லேசா ஒத்தணும்” என்றார். ஆலையைப் பற்றிக் கேட்டதற்கு அதிகம் பேசவில்லை. “தறிச் சத்தம் நின்ன பிறகு இந்தச் சத்தம்தான் காதுல இருந்துச்சு” என்று ஸ்ட்ரைக்கரைக் காட்டினார்.

இவ்வாறு பதினொரு நிகழ்ச்சிகள் நிறைந்தன. முதல் மாதத்தில் எங்களைக் கேட்டவர்கள் நாற்பத்தொருவர். அவர்களுள் பாதிப்பேர் எங்கள் உறவினர். பிறகு சிறுகச் சிறுகக் கூடிற்று. தில்லி கரோல் பாகிலிருந்தும் பிலாயிலிருந்தும் முன்பின் அறியாத தமிழன்பர்கள் தொலைபேசியில் அழைத்துத் தத்தம் பழைய பலகைகளைப் பற்றிச் சொன்னார்கள். நாங்கள் மெத்தப் பூரித்திருந்தோம்.

அந்நிலையில்தான் ஒரு வியாழன் மாலை பேத்தி வழக்கத்தினும் முன்னதாக வந்து, தன் கணினியைத் திறந்து வைத்தாள். “தாத்தா, ஒண்ணு கேக்கட்டுமா? ஒவ்வொரு பதிவிலயும் நான் வெட்டி எடுத்ததையெல்லாம் தூக்கிப் போடாம வச்சிருக்கேன். குக்கர் விசில், காலிங் பெல், ரயில் சத்தம். அதுல ஒரு குரலும் இருக்கு. கேளுங்க” என்றாள்.

கேட்டோம். தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல்; அடுக்களை வாயிலில் நின்று பேசுவது போன்றது. சிவப்புக் காய்க்கு மூன்று புள்ளி என்று நாங்கள் விளக்கிக்கொண்டிருந்த இடத்தில், “இருபத்திரண்டைத் தொட்டுட்டா அந்த மூணு கிடையாது, அதையும் சொல்லுங்க” என்கிறது. மூலைக் கோட்டைப் பற்றி நாங்கள் தடுமாறிய இடத்தில், “அம்புக்குறிக் கோட்டை ஸ்ட்ரைக்கர் தொட்டா தப்பாட்டம்” என்கிறது. ஒரே கையில் ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் போட்டு முடிக்கும் ஆட்டத்தை யாரும் நேரில் கண்டதுண்டா என்று நாங்கள் வியந்த இடத்தில், “நான் போட்டிருக்கேன்” என்கிறது. ஒவ்வொரு முறையும் அதனைத் தொடர்ந்து எங்களுள் ஒருவரின் குரல், “சற்று இரு, பதிவு ஓடுகிறது” என்கிறது.

பதினொரு நிகழ்ச்சிகளிலிருந்தும் வெட்டி எடுத்த அக்குரலை ஒன்றாகச் சேர்த்தால் நான்கு நிமிடம் தேறியது. நாங்கள் பதினொரு வாரம் பேசியதில் பிழையென்று பிறர் சுட்டிக்காட்டிய அத்தனை இடங்களுக்கும் அந்நான்கு நிமிடத்தில் திருத்தம் இருந்தது.

அது அவ்வீட்டு அம்மையாரின் குரல். எங்களுள் ஒருவரின் வாழ்க்கைத் துணைவியார். மூவருள் யாருடைய மனைவி என்பதை இங்கு எழுதப் போவதில்லை. ஒருவரைக் காப்பதற்காக அன்று. பின்னால் சொல்லப் போகும் குற்றத்தில் மூவருக்கும் பங்கு உண்டு என்பதால்.

“பாட்டிய ஏன் நாம பேச வைக்கல?” என்று பேத்தி கேட்டாள். எங்களிடம் விடை இல்லை. சங்க கால மகளிர் கழங்காடியதை அரைமணி நேரம் விரித்துரைத்தவர்கள் நாங்கள். அப்போது அடுக்களையில் நின்ற அம்மையார் கேரம் ஆடுவார் என்பதையே மறந்திருந்தோம். மறந்திருந்தோம் என்று எழுதுவதும் முழு உண்மை ஆகாது. அறிந்தவற்றுள் இன்னது நினைவில் இருக்கட்டும், இன்னது வேண்டாம் என்று மனம் தானே ஒதுக்கிவிடுகிறது.

அம்மையாரை அழைத்துக் கேட்டோம். முதலில் மறுத்தார். “எனக்கு உங்களை மாதிரி மேடைத் தமிழ் வராது” என்றார். பேத்தி வற்புறுத்தியதும் ஒரு நிபந்தனை விதித்தார். சும்மா உட்கார்ந்து பேசமாட்டார்; ஆடுவார், ஆடிக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்வார். எதிரே ஆட அவர் கணவர் உட்கார வேண்டும். மற்ற இருவரும் வாய் திறக்கக் கூடாது.

பன்னிரண்டாம் நிகழ்ச்சி அவ்வாறே பதிவாயிற்று. வெள்ளைக் காய் அம்மையாருக்கு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரு கோட்டையும் ஒட்டி ஸ்ட்ரைக்கரை வைத்து, நடுவிரலால் ஒருமுறை சுண்டினார். நடுவில் அடுக்கியிருந்த காய்கள் சிதறின. இரண்டு வெள்ளை இரு மூலைகளில் இறங்கின. “பழக்கம் விட்டுப் போச்சு” என்றார். எங்களுள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஆட்டத்தின் ஊடே அவர் சொன்னதன் சுருக்கம் இது. அவர் பிறந்து வளர்ந்தது பரேலில் ஒரு சாலில். தகப்பனார் ஆலைத் தொழிலாளி. பகல் முறைக்கு ஆண்கள் வேலைக்குப் போன பிறகு, தண்ணீர் பிடித்து, சமையல் முடித்து, இரண்டு மணி முதல் நான்கு மணி வரை அத்தாழ்வாரம் பெண்களுக்குச் சொந்தம். ஆண்கள் ஆடும் அதே பலகையைச் சுவரிலிருந்து எடுத்துப் போட்டு ஆடுவார்கள். மராத்திப் பெண்கள், குஜராத்திப் பெண்கள், இரண்டு தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். போரிக் பவுடருக்குக் காசு இல்லாதபோது முகப்பூச்சு மாவைத் தூவுவார்கள். நான்கு மணிக்குப் பலகையைத் துடைத்து, இருந்தபடியே சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். மாலையில் வரும் ஆண்களுக்கு அது ஆடப்பட்டதென்றே தெரியாது. “நல்ல ஆட்டமெல்லாம் மத்தியானத்துலதான் நடந்தது. ராத்திரி நடந்ததுக்குத்தான் கப் கொடுத்தாங்க” என்றார்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு 1974இலும் 1975இலும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடியிருக்கிறார். இரண்டாம் ஆண்டு அரையிறுதி வரை போயிருக்கிறார். 1977இல் திருமணம். புது வீட்டிலும் ஒரு பலகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் மூவரும் இன்னொருவரும் ஆடுவோம். பிள்ளை உறங்கிய பின் இரவில் கணவனும் மனைவியும் ஆடுவது உண்டு. பெரும்பாலும் அம்மையாரே வெல்வார்.

இவ்விடத்தில் ஐந்தாவது வெள்ளை விழுந்தது. அதையடுத்துச் சிவப்பைத் தள்ளி, உடனே அதற்கு ஃபாலோவும் போட்டார். பிறகு ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: “எண்பத்தாறுல ஊர்லேருந்து உங்க பெரியப்பா வந்திருந்தார். ராத்திரி நாம ஆடிட்டிருந்ததைப் பாத்தார். ஒண்ணும் சொல்லல, சிரிச்சார். மறுநாள் காலையில பையன் படிக்கணும்னு பலகையைத் தூக்கிப் பரண்மேல வச்சீங்க. பையன் அப்ப ரெண்டாங்கிளாஸ்.”

பிறகு அறையில் யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தின் நீளம் பத்தொன்பது வினாடி என்று பேத்தி பின்னர்ச் சொன்னாள். அதனிடையே தெருவில் காய்கறிக்காரர் கூவிச் செல்வது கேட்கிறது. “பன்னெண்டு மழைக்காலம் அங்கேயே இருந்தது. இறக்கிப் பாத்தப்ப வளைஞ்சு போயிருந்தது” என்று சொல்லிவிட்டு அம்மையார் அடுத்த காயைச் சுண்டினார்.

எங்கள் பங்கை இங்கே எழுதியாக வேண்டும். பலகை பரண் ஏறியதால் எங்கள் ஆட்டம் ஒருநாளும் தடைப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே மாட்டுங்காவில் வேறொரு நண்பர் இல்லத்திற்கு இடம் மாற்றிக்கொண்டோம். அங்கே காப்பியும் நன்றாக இருந்தது. பலகை ஏன் பரண் ஏறிற்று என்று மற்ற இருவரும் கேட்கவில்லை, ஏற்றியவரும் சொல்லவில்லை. யாருடைய ஆட்டம் நின்றுபோயிற்று என்பது எங்களுள் எவருக்கும் தோன்றவே இல்லை. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் தோன்றவில்லை.

அந்த போர்டை அம்மையாரே வென்றார். எதிரிக்கு ஐந்து கறுப்பு மிஞ்சியிருந்தது. சிவப்புக்கு மூன்றும் சேர்த்து எட்டுப் புள்ளி. ஸ்ட்ரைக்கரைப் பலகையின் நடுவில் வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனார்.

பதிவை வெளியிடுவதா என்று எங்களுக்குள் பெரும் வாக்குவாதம் எழுந்தது. பரண் பற்றிய பகுதியை மட்டும் நீக்கிவிடலாம், குடும்பச் செய்தி ஊருக்கு எதற்கு என்று ஒருவர் சொன்னார். மௌனத்தையாவது சுருக்கலாம் என்றார் இன்னொருவர். நீக்குவதற்கு எங்களிடம் இருந்த நியாயங்கள் அனைத்தும் நல்லனவாகவே ஒலித்தன. 1986இல் சொல்லப்பட்ட நியாயமும் நல்லதாகத்தான் ஒலித்தது. கடைசியில் கணவராகிய அவரே, “வெட்டின நாலு நிமிஷம் போதும். இது அப்படியே இருக்கட்டும்” என்றார். பேத்தி கணினியை மூடினாள். அம்மையாரிடம் ஒப்புதல் கேட்டதற்கு, “நான் சொன்னது சரியா கேக்குதா? அது போதும்” என்றார்.

அந்நிகழ்ச்சி வெளிவந்த பிறகு நடந்ததை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. இதுவரை எங்களை அழைத்தவர்கள் யாவரும் ஆண்கள். இப்போது பெண்கள் அழைத்தார்கள். செம்பூரிலிருந்து ஓர் அம்மையார், தம் அக்காளும் தாமும் ஆடிய பலகையின் சட்டத்தை உடைத்து அடுப்பெரித்த கதையைச் சொன்னார். பிலாயில் எஃகு ஆலைக் குடியிருப்பில் வாழ்ந்த ஒருவர், மகளிர் மன்றத்தில் முப்பது ஆண்டு தொடர்ந்து ஆடிவருவதாகச் சொல்லி, எங்களை ஆட்டத்திற்கே அறைகூவினார். சிலர் பெயர் சொல்ல வேண்டாம் என்றார்கள். ஒருவர் தம் கதையைச் சொல்லி முடித்துவிட்டு, “இதை என் வீட்டுக்காரரும் கேப்பாரு, பரவாயில்ல, போடுங்க” என்றார். அடுத்த ஏழு நிகழ்ச்சிகளும் அவர்களுடையவை ஆயின. அவற்றை நடத்தியவர் அம்மையார். தேநீர் போட்டவர்கள் நாங்கள். தேநீரைப் பற்றி யாரும் புகழ்ந்து சொல்லவில்லை.

அவ்வரிசையில் ஒரு நிகழ்ச்சிக்கு அம்மையார் வட சென்னையை எடுத்துக்கொண்டார். வியாசர்பாடியில் எளிய குடும்பத்தில் பிறந்து 2008இல் உலகப் பட்டம் வென்ற இளவழகியைப் பற்றிச் சொன்னார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்று, பதினேழு வயதில் ஊர் திரும்பியதைச் சொன்னார். நாங்கள் சென்னையைப் பற்றிப் பேசிய மூன்றாம் நிகழ்ச்சியில் இவ்விருவர் பெயரும் வரவில்லை என்பதை அவர் குறிப்பிடவில்லை. நாங்களே கணக்கெடுத்துக்கொண்டோம். “அந்தப் பொண்ணுக்கு அவங்கப்பா பலகையை இறக்கி வச்சுக் கொடுத்திருக்கார் பாருங்க” என்று மட்டும் சொன்னார்.

நியூயார்க்கில் ஓர் இளைஞர் முன்கூட்டியே சொல்லிவிட்டு உருண்டையைச் செலுத்திக் காட்டியதை மன்றத்தார் கண்டார்கள், தடை நீங்கியது. அவர்களுக்கு முன்னால் ஓர் எந்திரம் வைக்கப்பட்டிருந்தது. அவர்களும் அமர்ந்து பார்த்தார்கள். எங்கள் வீடுகளில் எந்தச் சட்டமும் தடை விதிக்கவில்லை. யாரும் சம்மட்டி எடுக்கவில்லை. ஒரு பெரியவர் சிரித்தார். ஒரு பலகை பரண் ஏறிற்று. இத்தகைய தடையை நீக்குவதற்கு எந்த மன்றத்தில் போய் முறையிடுவது? கட்டம் வகுக்காமல் வட்டாடுபவனை வள்ளுவர் எள்ளினார். கட்டமும் காயும் கைத்திறனும் இருந்தும் அரங்கை இழந்தவர்களைப் பற்றி நாங்கள்தாம் எண்ணியிருக்க வேண்டும்.

இப்போது அவ்வீட்டில் பலகை கூடத்திலேயே கிடக்கிறது. விருந்தினர் வந்தால் அதன்மேல் தாம்பாளம் வைக்க அம்மையார் விடுவதில்லை. செவ்வாய்க்கிழமை இரவுகளில் இருவரும் ஆடுகிறார்கள் என்று கேள்வி. யார் வெல்கிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. முதல் பதினொரு நிகழ்ச்சிகளையும் பேத்தி மறுபடி எடுத்து, வெட்டிய நான்கு நிமிடங்களையும் அவையவை இருந்த இடத்திலேயே திரும்பச் சேர்த்துவிட்டாள். “சற்று இரு, பதிவு ஓடுகிறது” என்ற எங்கள் குரலும் அங்கே இருக்கிறது. அதைக் கேட்கும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது, நீக்கச் சொல்லவில்லை.

இம்மலரைப் படிக்கும் குடும்பத்தினர் பலரும் எங்களைப் போலவே பெட்டியும் படுக்கையுமாக வந்து, வடக்கிலும் மேற்கிலும் கிழக்கிலும் வேரூன்றியவர்கள். நம் சங்கங்களின் வரலாறு எழுதப்படுகிறது. தலைவர்கள், செயலாளர்கள், விழாக்கள், ஆண்டுகள் எல்லாம் அதில் இடம்பெறுகின்றன. பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை தாழ்வாரங்களில் நடந்தது அதில் இல்லை. அதை அறிந்தவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். நம் பேச்சைத் திருத்திக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களுள் யாரேனும் பேச விரும்பினால் வியாழன் மாலை சயானுக்கு வரலாம். அம்மையார் காத்திருப்பார். விசிறி மட்டும் ஓடாது. கையோடு ஒரு விசிறிமட்டை கொண்டுவருவது நலம்.